அம்மாவின் கிளினிக் புத்தகம்

சுங்கை சிப்புட், மலேசியா, மார்ச் 3, 2025, திங்கள்

குளியலறை வாசலில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பருகே தொடை எலும்பு முறிந்திருக்கிறது. முப்பது ஆண்டுகள் பால்மரம் (ரப்பர்) வெட்ட நடந்த கால். இப்போது குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. ஆம்புலன்ஸில் ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம்.

மார்ச் 4, செவ்வாய்

நாளை அறுவை. மயக்கமருந்து மருத்துவர் முதலில் கேட்டது: "அம்மாவுக்கு வழக்கமாக ரத்த அழுத்தம் எவ்வளவு?" பெற்ற தாயின் எண் எனக்குத் தெரியவில்லை. தம்பி திரும்பிப் போய்க் கிளினிக் புத்தகத்தை எடுத்து வந்தான். சாமி மேடையில், திருநீற்றுத் தட்டுக்கு அடியில் இருந்ததாம். மருத்துவரின் பேனா நுனி ரத்த அழுத்தத்தின் மேல் எண்களில் மாதம் மாதமாக இறங்கியது: 152, 148, 156.

"அறுவையின்போது அழுத்தத்தைக் குறைத்தால் ரத்தம் குறைவாகத்தானே வெளியேறும்?" என்று கேட்டேன். உண்மைதானாம். எலும்புக்குள் கசியும் நுண்குழாய்களைப் பிடித்துக் கட்ட முடியாது. ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டையும் இடுப்பருகே போட இடமில்லை. அதனால் அழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்தி அறுவை செய்யும் முறை உண்டு. ஆனால் பல்லாண்டு உயர் அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அந்தத் தாழ்வில் ரத்தம் போதாமல் போகலாம். மேல், கீழ் எண்களுக்கு இடைப்பட்ட சராசரி அழுத்தத்தைப் பொதுவாக 65க்குக் கீழே போகவிடுவதில்லை, அம்மாவுக்கு அதைவிட மேலேயே வைத்திருப்போம் என்றார். அம்மா சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரைகளில் நாளைக் காலை பெரிண்டோபிரில் வேண்டாம், அம்லோடிபின் மட்டும் போதும் என்றார்.

மார்ச் 5, புதன்

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி ஏறியதும் அழுத்தத்தின் மேல் எண் 156இலிருந்து 96க்குச் சரிந்ததாம். உடனே மருந்து கொடுத்து ஏற்றிவிட்டார்கள். கத்தி வைக்குமுன் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் கொடுத்தார்கள். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் மருந்து அது. ஜப்பானில் உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டறிந்தது. அந்தப் பெண்மணியை மனதாரக் கும்பிட்டேன். போன ரத்தம் 300 மில்லிதான் என்றார்கள்.

மார்ச் 7, வெள்ளி

ஹீமோகுளோபின் 11.2இலிருந்து 7.6. பதறிவிட்டேன். அறுவை அறையில் அளந்தது வெளியே வந்த ரத்தத்தை மட்டுமே. விழுந்த நாள்முதல் தொடைச் சதைக்குள் கசிந்தது எந்தக் கணக்கிலும் வரவில்லை. முழங்காலுக்குப் பின்னால் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கிறது.

ரத்தம் ஏற்றத் தொடங்கியபோது நோன்பு திறக்கும் நேரம். தாதி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு முதல் பதினைந்து நிமிடமும் கட்டிலை விட்டு நகரவில்லை. தம்பி ரத்தம் கொடுக்க ரத்த வங்கிக்குப் போயிருந்தான்.

இரவு ஒன்பது மணிக்கு 138/74. "புத்தகத்தில் எழுதி வை" என்றார் அம்மா.