பாஸுக்குக் காசா?

எங்கள் வீட்டில் பாஸ் என்றால் இலவசம் என்று அர்த்தம். அப்பா ரயில்வேயில் புக்கிங் கிளார்க்காக இருந்தவர். நான் வளர்ந்தது பொன்மலை காலனி குவார்ட்டர்ஸில். முழுப்பரீட்சை லீவுக்கு எங்கே போவது என்பதை அப்பாவின் பாஸ்தான் தீர்மானிக்கும். பாஸ் தீர்ந்துவிட்டால் பி.டி.ஓ. (ரயில்வே ஊழியர்களுக்கான சலுகை டிக்கெட் ஆணை) போட்டு, மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் போவோம். முழுக் காசு கொடுத்து நான் ரயில் ஏறியதே வேலைக்குப் போன பிறகுதான்.

அப்படிப்பட்டவரிடம் போய், "ஜப்பான்ல ரயில் பாஸ் ஒண்ணு இருக்குப்பா, ஏழு நாளைக்கு ஆளுக்கு 50,000 யென்" என்றேன்.

"பாஸுக்குக் காசா?" என்றார்.

2025 ஏப்ரல் நடுவில் நான், அப்பா, அம்மா மூன்று பேரும் போவதாகத் திட்டம். டோக்கியோவில் மூன்று ராத்திரி, கியோட்டோவில் நான்கு, ஹிரோஷிமாவில் ஒன்று, ஒசாகாவிலிருந்து விமானம். 2018இல் போய்வந்த ஆபீஸ் நண்பர், "கண்ண மூடிக்கிட்டு ஜே.ஆர். பாஸ் வாங்கிடுங்க" என்று சொல்லியிருந்தார். ஜே.ஆர். என்றால் ஜப்பான் ரயில்வே; அந்தப் பாஸ் இருந்தால் அத்தனை நாளும் அவர்கள் ரயிலில் இஷ்டம்போல் சுற்றலாம். அவர் போன காலத்தில் அது நல்ல யோசனைதான். 2023 செப்டம்பர் வரை ஏழு நாள் பாஸ் 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நோசோமி என்ற அதிவேக ரயிலில் முன்பதிவு இருக்கையோடு சாதாரண நாளில் 14,170. போய் வந்தாலே 28,340. கூட ஒரு சின்னப் பயணம் சேர்ந்தால் பாஸ் காசு கைக்கு வந்துவிடும். 2023 அக்டோபர் 1ஆம் தேதி அதே பாஸ் 50,000 ஆனது. இணையத்தில் பழைய பயணக் கட்டுரைகளெல்லாம் விலையை மட்டும் திருத்திவிட்டு, "பாஸ் வாங்குங்கள்" என்ற வரியை அப்படியே விட்டுவைத்திருக்கின்றன.

அப்பா காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட ஆரம்பித்தார். எனக்குத் தெரியும், இனி சாப்பாடு ஆறிப்போகும்.

முதலில் நோசோமி விவகாரம். அந்தப் பாதையில் மூன்று வகை ரயில் ஓடுகிறது. நோசோமிதான் வேகம், இரண்டேகால் மணி நேரத்துக்குள் கியோட்டோ. ஹிக்காரி இன்னும் கொஞ்ச நிறுத்தங்களில் நிற்கும், அரை மணி கூட ஆகும். கொடாமா எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். பாஸை வைத்துக்கொண்டு ஹிக்காரியில் போகலாம், கொடாமாவில் போகலாம். நோசோமியில் ஏற வேண்டுமென்றால் டோக்கியோ–கியோட்டோவுக்கு 4,960 யென் தனியாகக் கட்ட வேண்டும்.

"பாஸ் கையில இருக்கும்போது எக்ஸ்ட்ராவா? அப்ப அது பாஸே இல்லம்மா" என்று தாளில் ஒரு கோடு போட்டார்.

பிறகு தனி டிக்கெட் கணக்கு. ஜப்பானில் விரைவு ரயில் கட்டணம் இரண்டு துண்டாக இருக்கும். தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று, வேகத்துக்கும் இருக்கைக்கும் இன்னொன்று. "நம்ம சூப்பர்ஃபாஸ்ட் சர்சார்ஜ் மாதிரி" என்றதும் பிடித்துக்கொண்டார். அடிப்படைக் கட்டணம் எப்படி ஏறுகிறது என்று கேட்டார். 300 கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 16.20 யென், அதற்கு மேல் 600 வரை 12.85, 600ஐத் தாண்டினால் 7.05, வரி தனி என்று படித்துக் காட்டினேன்.

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "டெலஸ்கோப்பிக் ரேட்!" என்றார். ஊரில் பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி முகம். தூரம் ஏற ஏற கிலோமீட்டர் விலை இறங்கும், அதனால் டிக்கெட்டை நடுவில் வெட்டக்கூடாது, வெட்டினால் மறுபடி முதல் கிலோமீட்டர் விலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் முப்பது வருஷம் ஜன்னல் வழியாகப் பயணிகளுக்குச் சொன்ன அதே பாடம்.

"பிரேக் ஜர்னி உண்டா?"

நம் ரயில்வேயில் 500 கிலோமீட்டருக்கு மேல் டிக்கெட் எடுத்தால் வழியில் ஒரு முறை இறங்கித் தங்கலாம், 1000க்கு மேல் இரண்டு முறை. அங்கே 100 கிலோமீட்டருக்கு மேல், பெருநகர வட்டாரத்துக்குள்ளேயே முடிந்துவிடாத பயணமாக இருந்தால், போகும் திசையில் எத்தனை முறை வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். பின்னோக்கிப் போகக்கூடாது, அவ்வளவுதான். டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா 894 கிலோமீட்டர், அந்த டிக்கெட் ஆறு நாள் செல்லும். நாங்கள் கியோட்டோவில் இறங்கி ஐந்தாவது நாள் கிளம்புகிறோம். கச்சிதம்.

டோக்கியோ–கியோட்டோ அடிப்படைக் கட்டணம் 8,360. கியோட்டோ–ஹிரோஷிமா 6,600. இரண்டும் சேர்த்து 14,960. ஒரே டிக்கெட்டாக டோக்கியோ–ஹிரோஷிமா 11,880. ஆளுக்கு 3,080 யென் மிச்சம், கியோட்டோவில் நான்கு ராத்திரி தங்கியும். இதை நான் பார்க்கவே இல்லை. ஜப்பானுக்குப் போகாமலேயே, திருச்சியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கண்டுபிடித்தது அப்பா.

இன்னொரு அளவெடுப்பும் நடந்தது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு அதற்கென்றே உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அம்மாவின் தையல் டேப்பால் அளந்தோம். 157. அம்மா அன்றைக்கே இரண்டு பொட்டலம் முறுக்கை எடுத்து என் பைக்கு மாற்றிவிட்டாள், பெட்டி உப்பிவிடக்கூடாதாம்.

டோக்கியோ ஸ்டேஷன் கவுன்டரில் கைப்பேசி மொழிபெயர்ப்பைக் காட்டினேன். உள்ளே இருந்த பெண் ஒரு தாளில் மூன்று ஊர்ப் பெயரையும் எழுதி, நடுவில் இருந்த கியோட்டோவைச் சுற்றி வட்டம் போட்டு, என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்பா அவருடைய விரல்கள் விசைப்பலகையில் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு அடிப்படை டிக்கெட், இரண்டு வேக டிக்கெட் என்று மொத்தம் ஒன்பது அட்டை. எல்லாம் அம்மாவின் சுருக்குப்பைக்குள் போயின.

புஜி மலை தெரியும் வலதுபக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்கினேன். மலை மேகத்துக்குள் இருந்தது. அவ்வளவுதான் அதைப் பற்றி.

கியோட்டோவில் வெளியேறும் கேட்டில் இரண்டு அட்டையையும் ஒன்றாகச் சொருக வேண்டும். மெஷின் வேக டிக்கெட்டை விழுங்கிக்கொண்டு, அடிப்படை டிக்கெட்டை மறுமுனையில் நீட்டும். இதை நான் அப்பாவிடம் சொல்ல மறந்தேன். சொருகினார், கதவு திறந்தது, விறுவிறுவென்று போய்விட்டார். ஆறு நாள் செல்ல வேண்டிய டிக்கெட் மெஷின் வாயில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் அதை உருவிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து நீட்டினார். அப்பாவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அதே அளவுக்குக் குனிந்தார். அம்மா திரும்பி நின்று சிரித்தாள்.

கியோட்டோவுக்குள் நாங்கள் சுற்றியது பெரும்பாலும் பஸ்ஸில். பாஸ் இருந்திருந்தாலும் அது அந்த நகர பஸ்ஸில் செல்லாது. நாராவுக்கு ஜே.ஆர். ரயிலில் 720 யென், சிவப்பு வாசல்கள் வரிசையாக நிற்கும் இனாரிக்கு வெறும் 150. இந்தச் சில்லறைப் பயணங்களை நினைத்துத்தான் பலர் பாஸ் வாங்குகிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

ஒரு இடத்தில் மட்டும் தோற்றேன். மூன்றாம் நாள் காலை மழை விட்டிருந்தது, ஹிமேஜி கோட்டைக்குப் போகலாமா என்றேன். ஒரு வழிக்கு 2,310 யென். மூன்று பேர், போக வர என்று அப்பா மனதுக்குள் பெருக்குவது முகத்தில் தெரிந்தது. "கோட்டைய எங்க தூக்கிட்டுப் போகப்போறாங்க, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். பாஸ் இருந்திருந்தால் அவர்தான் முதலில் செருப்பை மாட்டியிருப்பார். காசு ஏற்கெனவே போய்விட்டதே, அதைக் கறக்காமல் விடுவாரா?

கடைசியில் ஹிரோஷிமா பக்கத்து மியாஜிமா தீவுக்குப் போன படகு உட்பட ஆளுக்கு 36,000 யென்னை ஒட்டி வந்தது. பாஸை விட 14,000 குறைவு. டோக்கியோவிலிருந்து ஹிரோஷிமா போய் டோக்கியோவுக்கே திரும்பினாலும் 40,000ஐத் தொடாது. தினம் ஒரு ஊர் என்று ஏழு நாளும் ரயிலிலேயே இருக்கப்போகிறவர்கள் பாஸ் வாங்கட்டும். எழுபது வயது முழங்காலோடு ஒரே ஊரில் நான்கு ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது வேண்டாம்.

ஹிரோஷிமாவில் மெஷின் அடிப்படை டிக்கெட்டையும் விழுங்கிவிடும். அப்பாவுக்கு அதைக் கொடுக்க மனசில்லை. ஆள் நிற்கும் கேட்டுக்குப் போய்ச் சைகையில் கேட்டோம். ஊழியர் அதன்மேல் 'செல்லாது' என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "சுத்தமா குத்தியிருக்கான்" என்றார்.

விமானத்தில் அம்மா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த தடவை பாஸே வாங்கிடுடி. வந்ததுல இருந்து நீங்க ரெண்டு பேரும் போட்ட கணக்கைத்தான் கேட்டேன்."