மாரிக்கு முன்னம் அம்மம்மாவுக்கு ஒரு ஊசி

மட்டக்களப்பில் மாரி மழை நவம்பரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. இன்ஃப்ளூவென்சா (ஃப்ளூ) காய்ச்சலும் அந்த மாதங்களில் கூடும். அதற்கான தடுப்பூசி போட்டபின் எதிர்ப்பாற்றல் வர 2 கிழமை செல்லும். ஆகவே ஒக்டோபர் நடுவிலேயே போடுவது நல்லது. வைரஸ் உருமாறும், பாதுகாப்பும் குறையும். அதனால் வருடாவருடம் போட வேண்டும்.

அளவு 0.5 மில்லிலீற்றர், மேற்கைத் தசையில். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்: மெல்லிய ஊசியால் போட்டு, 2 நிமிடம் தேய்க்காமல் அழுத்திப் பிடித்தால் போதும். காய்ச்சல் கடுமையாக இருந்தால் தள்ளிப்போடலாம், வெறும் தடிமனுக்குத் தேவையில்லை.

பிழை விடுவது பெரும்பாலும் மருந்தைக் குளிரில் வைப்பதில்தான். மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். கல்முனையில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் கட்டிக்கு மேலேயே பெட்டியை வைத்துவிடுகிறார்கள். உறைந்த மருந்து வீண். உருகியபின் பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கும், அதுதான் வில்லங்கம். இடையில் தடித்த துணி வையுங்கள். அதைவிட, விற்கிற இடத்திலேயே போட்டுக்கொள்வது புத்தி.

“வருத்தம் வந்தால் இலவச ஆஸ்பத்திரி இருக்கே, ஏன் காசு கொடுத்து ஊசி?” என்பார்கள். கட்டில் இலவசம்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரும்போக வயல்வேலை நடக்கும்போது துணைக்கு நிற்கும் மகளின் நாட்கூலி, ஓட்டோக் காசு, சாப்பாடு? போதாததற்கு, இன்ஃப்ளூவென்சா உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு என்று 2018இல் வெளியான கனேடிய ஆய்வு காட்டியது.

நியூமோனியாவுக்கான நியூமோகொக்கஸ் ஊசி வேறு, அது வைரசுக்கு அல்ல, பாக்டீரியாவுக்கு எதிரானது. இரண்டையும் ஒரே நாளில் வெவ்வேறு கையில் போடலாம்.