கடைசி வேலையை முதலில் பேசுவோம்

காரைக்குடியில் ஓர் அச்சகத்தில் ஆர்டர் எடுக்கும் மேசையில் நெடுநாளாக இருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கலரைக் கேட்பார்கள், அடுத்து விலை. மடிப்பு, பைண்டிங், லேமினேஷன் எல்லாம் அச்சான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். நான் அதைத்தான் முதலில் கேட்பேன். இது யார் கைக்குப் போகிறது? விரித்து வைத்துப் படிப்பார்களா, அதில் பேனாவால் எழுதுவார்களா? எத்தனை வருஷம் இருக்க வேண்டும்? இதெல்லாம் தெரியாமல் பக்க ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது என்பதைக்கூட முடிவு செய்ய முடியாது.

கல்யாணப் பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். போன ஆவணி முகூர்த்தத்துக்குப் பேத்தி பத்திரிகை அடிக்க வந்த ஓர் ஆச்சி, பளபளவென்று லேமினேஷன் போட்ட மாதிரியைக் கையில் வைத்திருந்தார்.

"ஆச்சி, மூலையில மஞ்சள் தடவித்தானே கொடுப்பீங்க?"

"அது இல்லாம எப்படிப்பா கொடுக்கிறது?"

"அப்ப இது வேண்டாம் ஆச்சி. பிளாஸ்டிக் படலம் மேல மஞ்சள் பிடிக்காது, காஞ்சதும் உதிர்ந்துடும். கோட்டிங் இல்லாத கெட்டி அட்டை எடுத்துக்குவோம். பிள்ளையாருக்கு மட்டும் தங்க ஃபாயில் போட்டுத் தர்றேன்."

ஃபாயில் என்பது சூடேற்றிய உலோக பிளாக்கால் படலத்தை அட்டையில் அழுத்திப் பதிப்பது. மிக மெல்லிய கோடுகளும் நெருக்கமான சின்ன எழுத்துகளும் அதில் அடைத்துக்கொள்ளும். அதனால் பிள்ளையார் படத்தைக் கொஞ்சம் எளிமையாக வரைந்து தரச் சொல்வேன். எம்பாசிங் வேண்டுமென்றால் அட்டை கனமாக இருக்க வேண்டும். மெல்லிய தாளில் எழுத்து எழும்பி நிற்காது.

பத்திரிகையில் அடுத்து மடிப்பு. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். அந்த இடத்தில் அரக்குச் சிவப்பு முழுக்க அடித்திருந்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மடிப்பதற்கு முன் க்ரீஸிங் போட்டாக வேண்டும், அதாவது மடிப்புக் கோட்டை அழுத்திப் பள்ளமாக்க வேண்டும். மேடாக எழும்பும் பக்கம் மடிப்புக்கு உள்ளே வர வேண்டும். தாளுக்கு நார் ஓட்டம் ஒன்று உண்டு. தாள் தயாராகும்போது இயந்திரம் ஓடும் திசையில் நார்கள் படிந்துவிடும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு நேராக விழும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். ஒரு துண்டைக் கிழித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஓட்டத்தோடு கிழிந்தால் கோடு நேராகப் போகும். ஏ4 நோட்டீஸை மூன்றாக மடிக்கும்போது மூன்று பாகத்தையும் சமமாக வைக்கக் கூடாது. 297 மில்லிமீட்டரை 100, 100, 97 என்று பிரிக்க வேண்டும். உள்ளே போகும் பாகம் கொஞ்சம் குறைந்தால்தான் முட்டாமல் படுக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது குடமுழுக்கு மலர்தான். நகரத்தார் கோயில்களுக்கும் ஊர்க் கோயில்களுக்கும் மலர் போடும்போது வாழ்த்துரை, வரலாறு, நன்கொடையாளர் படங்கள் என்று பக்கம் ஏறிக்கொண்டே போகும். எல்லாம் ஆர்ட் பேப்பரில் வேண்டும் என்பார்கள், பைண்டிங்கில் காசைக் குறைப்பார்கள். ஆர்ட் பேப்பரின் வழவழப்புப் பூச்சில் சாதாரணச் சூட்டுப் பசை நன்றாகப் பிடிக்காது. தாளின் கனமும் சேர்ந்துகொள்ளும். நாலு பேர் வாங்கி விரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு தாள் கையோடு வரும். அது யாரோ ஒருவர் வீட்டுப் பெரியவர் படம் இருக்கும் தாள். அதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பியூஆர் என்ற பாலியூரிதேன் பசை இதைவிட உறுதி. என் யோசனை எப்போதும் தையல்தான்: 16 பக்கம் 16 பக்கமாக மடித்த பாரங்களை நூலால் தைத்து, பிறகு அட்டை கட்டுவது. செலவு கூடும். வேண்டுமானால் நாலு பக்கம் விளம்பரத்தைக் குறைக்கலாம், தையலைக் குறைக்க வேண்டாம் என்று கமிட்டிக்காரர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன்.

ராஜகோபுரத்தை இரண்டு பக்கம் சேர்த்துப் போடும் ஆசையும் எல்லோருக்கும் உண்டு. பசை பைண்டிங்கில் கோபுரத்தின் நடுப்பகுதி முதுகுக்குள், அதாவது தாள்கள் ஒட்டும் பக்கத்துக்குள் போய்விடும். தையலில் ஒரு பாரத்தின் சரியான நடுப்பக்கத்தில் அமைத்தால் ஒரே தாளாக விரியும். இதற்காகத்தான் பக்க அமைப்பு தொடங்கும் முன்னாலேயே பைண்டிங்கை முடிவு செய்யச் சொல்கிறேன்.

சின்னப் புத்தகத்துக்குச் சென்டர் பின் (நடு மடிப்பில் பின் அடிப்பது) போதும், பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். பக்கம் கூடினால் உள்தாள்கள் வெளியே தள்ளும், கட்டிங்கில் நடுப்பக்க ஓரம் குறுகும். ஓரத்தை ஒட்டி எழுத்து வைக்காமல் இருந்தால் சரி. சமையல் குறிப்புப் புத்தகத்துக்கு வயர்-ஓ (ஓரத்தில் துளையிட்டுக் கம்பி வளையம் கோப்பது) நல்லது, முழுக்கத் திருப்பி மடித்து அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் முதுகு கிடையாது. அலமாரியில் அடுக்கினால் பெயர் தெரியாது.

மொய் நோட்டுக்கு வருபவர்களிடம் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மாப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள், தையல், துணி முதுகு. விரித்தால் மேசையில் தட்டையாகக் கிடக்க வேண்டும், பேனா மை பரவக் கூடாது. ஆர்ட் பேப்பரில் மை காய்வதற்குள் அடுத்தவர் கை பட்டு இழுபடும். மொய் நோட்டு தலைமுறைக்கும் எடுத்துப் பார்க்கும் கணக்கு. பர்மாவில் கொண்டுவிற்ற (வட்டிக்கடை நடத்திய) காலத்துப் பேரேடுகளை மறுபைண்டிங்குக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு. தாள் ஒடிந்திருக்கும், தையல் பிடித்தபடியே இருக்கும். எங்கள் பைண்டர் அண்ணன் பசை காய்ச்சும்போது மைதாவோடு கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார், பூச்சி அண்டாமல் இருக்க.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தாளைப் பாதுகாக்கும் பழக்கம் புதிதல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டு நோட்டீஸ், அழைப்பிதழ்களைக்கூடச் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பிலிருந்து சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவானது. நாம் அடிக்கும் நோட்டீஸும் எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

புத்தகம் என்றால் அச்சுக்கு முன்னால் டம்மி கேளுங்கள். அதே தாளில், அதே பக்க எண்ணிக்கையில், எழுத்தில்லாமல் கட்டிய மாதிரி. 80 ஜிஎஸ்எம் மாப்லித்தோவில் 200 பக்கம் என்றால் 100 தாள், முதுகு சுமார் ஒரு சென்டிமீட்டர் வரும். தாள் மாறினால் அதுவும் மாறும். டம்மியை அளந்துதான் மேலட்டையை அமைக்க வேண்டும். அப்புறம் நாள் கணக்கு. அச்சான மை காய வேண்டும், அதற்குப் பிறகே லேமினேஷன். தையல், பசை, அட்டை, அது அழுத்தத்தில் காய்வது என்று ஒவ்வொன்றும் தனி வேலை. தையிலும் வைகாசியிலும் பைண்டர் கையில் வேலை குவிந்து கிடக்கும். குடமுழுக்குத் தேதி குறித்ததுமே வந்துவிடுங்கள், கட்டுரைகள் கைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. தாளையும் பைண்டிங்கையும் பேசி வைத்துவிடலாம்.