டிசியை யாரும் கேட்கவில்லை

சென்னையிலிருந்து கிளம்பும்போது மகளின் டிசிக்கு (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) மூன்று நகல் எடுத்து, அசலைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பெட்டி தொலைந்தாலும் அது தொலையக் கூடாதல்லவா! அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பள்ளி ஒன்றில் அந்த உறையை நீட்டினேன். அலுவலகப் பெண்மணி திறக்கக்கூட இல்லை. "வாடகை ஒப்பந்தம் கொண்டுவந்தீர்களா?" என்றார்.

இங்கே விலாசம்தான் எல்லாம். எந்தத் தெருவில் குடியிருக்கிறோமோ அதற்கான பள்ளியை முன்பே பிரித்து வைத்திருக்கிறார்கள். நேர்காணல் இல்லை, நன்கொடை இல்லை, கல்விக் கட்டணமும் இல்லை. எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்கு விடியற்காலை வரிசையில் நின்றவனுக்கு இதை நம்பவே சில நாள் பிடித்தது. ஏறக்குறைய 1,80,000 பிள்ளைகள் படிக்கும் பள்ளி நிர்வாகம் இது, வர்ஜீனியாவிலேயே பெரியது.

அந்த விலாசத்திலும் முதலில் சறுக்கினேன். எங்கள் குடியிருப்பின் தபால் விலாசத்தில் இருந்த ஊர்ப்பெயர் ஃபால்ஸ் சர்ச். அதே பெயரில் தனி நகரம் ஒன்று உண்டு, அதற்குத் தனிப் பள்ளிகளும் உண்டு. வர்ஜீனியாவில் நகரங்கள் கவுன்டிக்குள் அடங்குவதில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து அந்த நகரத்துப் பள்ளிகளைப் பற்றிப் படித்துத் தீர்த்த பிறகுதான், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: "அது தபால் நிலையத்தின் பெயர். நீங்கள் இருப்பது கவுன்டியில்."

சரி, விலாசம் முடிந்தது. அடுத்தது தடுப்பூசி அட்டை. பாதி ஆகஸ்ட் அதிலேயே போனது.

நம் ஊரில் சொட்டு மருந்து கொடுத்து, சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புவார்களே, அவை எதுவும் கணக்கில் வரவில்லை. 2016 ஏப்ரலில் அந்த மருந்து மூன்று வகை வைரஸுக்கானது என்பதிலிருந்து இரண்டு வகைக்கானதாக மாறியது. அதற்குப் பின் கொடுத்த சொட்டுகளை அமெரிக்காவில் ஏற்பதில்லை. நல்லவேளை, எங்கள் குழந்தை மருத்துவர் போலியோ ஊசியும் போட்டிருந்தார்.

அந்த ஊசியிலும் வந்தது வம்பு. கடைசி போலியோ ஊசி நான்கு வயது நிறைந்த பிறகு போட்டதாக இருக்க வேண்டும். மகள் பிறந்தது 2017 பிப்ரவரி 20. அட்டையில் 2/4/2021 என்று எழுதியிருந்தது. நமக்கு ஏப்ரல் 2. நர்ஸுக்கு பிப்ரவரி 4. பதினாறு நாள் முந்திவிட்டதாம், மறுபடி போட வேண்டுமாம். அதே அட்டையில் வேறொரு ஊசிக்கு 23/6 என்று இருந்ததைத் தொட்டுக் காட்டினேன். இருபத்துமூன்றாம் மாதம் ஏது? சிரித்துவிட்டு, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் மாதத்தை எழுத்தில் எழுதிக்கொண்டார்.

காசநோய்ப் பரிசோதனைக்குப் போன கிளினிக்கில் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டதா என்று கேட்காமலே கையில் தோல் பரிசோதனை செய்துவிட்டார்கள். தழும்பைக் காட்டி நானாவது சொல்லியிருக்கலாம். அந்தத் தடுப்பூசியாலேயே இடம் வீங்கக்கூடுமாம். வீங்கி, அப்புறம் ரத்தப் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. பிசிஜி போட்ட பிள்ளைகளுக்கு நேராக ரத்தப் பரிசோதனையே கேளுங்கள். சின்னம்மை ஊசி மட்டும் இரண்டுக்கு ஒன்றுதான் ஆகியிருந்தது. ஒரு தவணையாவது போட்டிருந்தால் 90 நாள் அவகாசத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று ஒரு படிவம். "இங்கிலீஷ்னு போட்ருங்க, இல்லாட்டி டெஸ்ட் வைப்பாங்க" என்றார் நண்பர். தமிழ் என்றே எழுதினேன். டெஸ்ட் வைத்தார்கள். என்ன கேட்டார்கள் என்றதற்கு, "படத்துல நாய் என்ன பண்ணுதுன்னு கேட்டாங்கப்பா. தூங்குதுன்னேன்," என்றாள்.

திங்கட்கிழமை காலை மஞ்சள் பேருந்தில் ஏறிவிட்டாள். டிசி அசலும் மூன்று நகல்களும் அலமாரியில் இருக்கின்றன.