20 நொடி

கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் என் மனநல ஆலோசகர் கொடுத்த வீட்டுப்பாடம் அது. ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய், வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்யவைக்கும். அதற்கு இப்படியும் சிகிச்சை உண்டு: பயப்படுவதைத் தொட வேண்டும், பயம் சொல்வதைச் செய்யக் கூடாது. நெஞ்சு படபடக்கும், அப்புறம் தானாக இறங்கும். மாதக்கணக்கில் பாடுபட்டுப் பழகியிருந்தேன்.

மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்றது. என் நோய் இத்தனை வருடமாகச் சொல்லிவந்ததையே டிவியும் சொல்ல ஆரம்பித்தது. பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் வைரஸ் 72 மணி நேரம் வரை இருக்கலாம் என்று படித்த அன்றே ஒரு நோட்டு போட்டேன். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் தேதி, நேரம். 72 போதாமல் 96 ஆக்கினேன். விரல் மூட்டுகளில் தோல் வெடித்து, சோப்பு பட்டாலே உயிர் போகும். அப்படி எரிந்தால்தான் சுத்தம் என்று நம்பினேன்.

"இப்ப எல்லாருமே உன்னை மாதிரிதான்டி" என்று அக்கா ஆறுதலாகத்தான் சொன்னாள். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். அவர்கள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். எனக்குக் குழாயை மூடவே முடியவில்லை. மூடினால் குழாயைத் தொட்ட கை மறுபடி அழுக்கு.

ஆலோசகர் வீடியோவில் சொன்னார்: "கழுவ வேண்டாம்னு இப்போ சொல்ல மாட்டேன். 20 நொடி கழுவுங்க. 21வது நொடி உங்க நோய்க்காகக் கழுவுறது." போனில் டைமர் வைத்தேன். முதல் வாரம் தினமும் தோற்றேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். ஓசிடிக்கு அது வேலை செய்ய 8 முதல் 12 வாரம்கூட ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டதால் பாதியில் நிறுத்தாமல் இருந்தேன். செய்தி ஒரு நாளைக்கு ஒரே தடவை. "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அக்காவிடம் கேட்கக் கூடாது, கேட்டாலும் அவள் பதில் சொல்லக் கூடாது. இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவளுக்கும்தான்.

2021 ஏப்ரலில், தொட்ட பொருள் வழியாகத் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொன்னது. மறுபடி தேடிச் சரிபார்க்கக் கை துடித்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று வந்த பார்சலை வாசலிலேயே பிரித்தேன், நோட்டில் எழுதவில்லை. 20 நொடி கழுவினேன். குழாயை வெறும் கையால் மூடினேன்.