ஜகாத் கொடுக்கப் போன இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி

இந்த வருஷ ஜகாத்தை (சொத்தில் ஏழைகளுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய பங்கு) ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபான் முடிவதற்குள் ஒருவழியாகக் கொடுத்து முடித்தாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதை முதலில் கொடுக்கப் போன ஒரு டிரஸ்ட் அலுவலகத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கியில் இருப்பது, திரும்பி வரும் என்று நம்பிக் கைமாற்றாகக் கொடுத்தது எல்லாம் சுலபம். நகைதான் இழுத்தது. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் எங்கள் வீடு ஹனஃபி, போட்டுக்கொள்கிற நகைக்கும் ஜகாத் உண்டு (ஷாஃபிஈ வீடுகளில் வழக்கமாக அணிகிற நகைக்கு இல்லை என்பார்கள், உங்கள் ஹஜ்ரத்திடம், அதாவது மார்க்க அறிஞரிடம், கேட்டுக்கொள்ளுங்கள்). உம்மா கொடுத்த கல் அட்டிகைக்கு பில் கிடையாது. கல்லுக்கு ஜகாத் இல்லை, தங்கத்துக்கு மட்டும்தான், அதனால் கல் நீக்கிய எடை தெரிய வேண்டும். தி.நகரில் ஒரு பெரிய கடையில் காத்திருந்து கவுன்டருக்குப் போனால், "விக்கிறதா இருந்தா மட்டும்தான் எடை போடுவோம் மேடம்" என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்கள். அப்புறம் சௌகார்பேட்டையில் பழைய நகை தரம் பார்க்கிற ஒரு சின்ன கடையில் கல்லுக்குக் கழித்து எடையும் தரமும் எழுதிக் கொடுத்தார்கள். நேராக அங்கேயே போங்கள். செய்கூலி, சேதாரம் சேர்ந்த பில் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அன்றைய தேதியில் விற்றால் என்ன விலைக்குப் போகுமோ அதில் இரண்டரை சதவீதம்.

இன்னொன்று. பதினொரு சவரன் இருந்தால்தான் கடமை என்று என் மதினி உட்பட நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கம் மட்டும் இருந்தால் 87.5 கிராம், சரி. கூடவே கையில் ரொக்கமும் இருந்தால் ஹனஃபியில் இரண்டையும் சேர்த்து, 612 கிராம் வெள்ளியின் விலையை எட்டுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இன்றைய விலையில் நாலைந்து சவரன் வைத்திருப்பவர்களே அதைத் தாண்டிவிடுவார்கள்.

சரி, டிரஸ்ட். ஏழைகளுக்குத்தான் போகிறது என்று எல்லோரும் சொல்லும் இடம். இதை ஜகாத் கணக்கில் தனியாக வைப்பீர்களா என்று கேட்டேன். "எல்லாம் ஒரே அக்கவுன்ட்தாம்மா, நல்ல காரியத்துக்குத்தானே போகுது" என்றார் அங்கிருந்தவர். கட்டட வேலைக்கும் இதிலிருந்து எடுப்பீர்களா என்றால், "நீங்க நிய்யத் வச்சுக் கொடுங்க, போதும்" என்கிறார்! நிய்யத், அதாவது மனதில் வைக்கும் எண்ணம், மட்டும் போதுமென்றால் அல்லாஹ் குர்ஆனில் தவ்பா சூராவின் 60-வது ஆயத்தில் (வசனத்தில்) ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரை ஏன் சொல்ல வேண்டும்? பள்ளிவாசல் கட்டுவதற்கே ஜகாத் பணம் கூடாது என்று ஹனஃபி சட்ட நூல்களில் தெளிவாக இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டதும், "இவ்வளவு சந்தேகம் இருந்தா வேற இடம் பாருங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பணத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அது ஏழைகளின் ஹக்கு (உரிமை), யாரிடமோ கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எப்படி இருப்பது?

எங்கள் பகுதிப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்ட பிறகுதான் தெளிவு வந்தது. கடனாளியும் அந்த எட்டில் ஒரு வகை. எங்கள் தெருவிலேயே ஒரு ஆட்டோக்காரர் மனைவியின் ஆபரேஷனுக்கு வட்டிக்கு வாங்கிவிட்டுத் தவிக்கிறார். வேறு சொத்தும் இல்லை. "பணத்தை நானே நேராகக் கடன் கொடுத்தவரிடம் கட்டிவிடட்டுமா ஹஜ்ரத்?" என்றேன். ஆட்டோக்காரர் சம்மதம் இல்லாமல் கட்டக்கூடாதாம், பணம் அவருக்கு உடைமையாக வேண்டும், அவர் கையில் கொடுப்பதே சிறந்தது என்றார் ஹஜ்ரத். ஜகாத் என்று அவரிடம் சொல்ல வேண்டியதும் இல்லை, என் மனதில் நிய்யத் இருந்தால் போதும். கவரில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். அசல் முழுக்க அடைந்துவிட்டது என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஜகாத் கொடுக்க முடியாது. ஆனால் வறுமையில் இருக்கிற உடன்பிறந்தவர்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், அதில் உறவைப் பேணிய நன்மையும் சேரும். மீதித் தொகை ஊரில் என் தம்பி குடும்பத்துக்குப் போனது.

டிரஸ்டில்தான் கொடுப்பேன் என்பவர்கள், ஜகாத் என்று தனியாக எழுதிய ரசீது தருவார்களா என்று முதலில் போனிலேயே கேளுங்கள். அதுவும் ரமலானுக்கு முன்னாலேயே. இருபத்தேழாம் இரவு நெருங்கிவிட்டால் உங்கள் கேள்விக்கு நின்று பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.