நூறு டிகிரியில் நிற்கும் பிராசஸர்: கூலரைக் கழற்றும் முன் வாட்டைப் பாருங்கள்

அசெம்பிள் செய்த கணினியில் பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று சொன்னவுடன், பிராசஸருக்கும் அதைக் குளிர்விக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வருகிறது. அது சில சமயம் சரியாகவும் இருக்கும். ஆனால் வெப்பம் இத்தனை டிகிரி என்ற ஓர் எண்ணை மட்டும் நம்பிக் கூலரைக் கழற்றக் கூடாது. அதே நொடியில் பிராசஸர் எத்தனை வாட் இழுக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது, அறையின் வெப்பம் என்ன என்ற மூன்றும் தெரியாதவரை அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது என்பது என் உறுதியான கருத்து.

அண்மையில் என் அக்கா மகனின் கணினியைப் பார்க்க நேர்ந்தது. இன்டெல் கோர் ஐ7 13700கே பிராசஸர், இரட்டைக் கோபுர ஏர் கூலர், முன்பக்கம் முழுவதும் கண்ணாடி பதித்த கேபினெட். வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யத் தொடங்கியவுடன் வெப்பம் 100 டிகிரிக்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். "பேஸ்ட் புதுசாப் போட்டாச்சு மாமா, அப்பவும் அப்படியேதான் இருக்கு" என்றான். அந்த பிராசஸருக்கு 100 டிகிரி என்பது உச்ச வரம்பு. அதைத் தொட்டவுடன் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே உடனடியாக எரிந்துபோகும் என்ற அச்சம் தேவையில்லை, ஆனால் கொடுத்த காசுக்குரிய வேகம் கிடைக்காது.

வெப்பம், வாட் போன்ற அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளின் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸருக்கு முழுச் சுமை கொடுத்து அதன் வேகத்துக்கு மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். இங்கே பார்க்க வேண்டியது வெப்பமும் வாட்டும் ஒன்றாக எப்படி ஏறுகின்றன என்பதைத்தான். 70, 80 வாட் இழுக்கும்போதே ஓரிரு நொடிகளில் வெப்பம் 95 டிகிரியைத் தாண்டினால், கூலரின் அடித்தட்டு பிராசஸரோடு சரியாகப் படியவில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு பிளாஸ்டிக்கை உரிக்காமலே மாட்டியிருப்பார்கள், அல்லது ஒரு பக்கத் திருகு இறுகாமல் இருக்கும். திரவத்தைச் சுழற்றிக் குளிர்விக்கும் லிக்விட் கூலராக இருந்தால் பம்ப் ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பம்ப்பின் சுற்று எண்ணிக்கை திரையில் பூஜ்யமாக இருந்து, சுமை ஏறிய பிறகும் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

எங்கள் கணினியில் நிலைமை வேறு. வெப்பம் 100 டிகிரியில் நின்றபோது பிராசஸர் 240 வாட்டை ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அத்தனை வெப்பத்தையும் வாங்கி வெளியேற்றும் கூலரைக் குறை சொல்வதில் நியாயமில்லை, பேஸ்ட்டிலும் பழுதில்லை. இந்த பிராசஸருக்கு இன்டெல் குறித்துள்ள அடிப்படை மின் அளவு 125 வாட், உச்ச டர்போ அளவு 253 வாட். மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸைத் திறந்தால் இந்த இரண்டுக்குமான வரம்புகளும் 4096 வாட் என்றிருந்தன, அதாவது வரம்பே கிடையாது. வேகப் போட்டியில் முந்துவதற்காகப் பல மதர்போர்டுகள் இப்படித்தான் வருகின்றன. வாங்குபவருக்கு அது சொல்லப்படுவதும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இரண்டு வரம்புகளையும் 180 வாட்டாகக் குறைத்தேன். வெப்பம் எண்பதுகளின் தொடக்கத்துக்கு இறங்கியது. சினிபெஞ்ச் மதிப்பெண் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. பிராசஸர் செலவிடும் மின்திறன் வேகத்துக்கு ஏற்பவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடுகிறது. கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸை எட்டுவதற்கு மின்னழுத்தத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருப்பதால், அந்தச் சிறு ஆதாயத்துக்குத்தான் வாட் கணக்கில்லாமல் செலவாகிறது.

அதே அமர்வில் பயாஸையும் புதுப்பித்துவிட்டேன். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி நாளடைவில் நிலையற்றுப்போகும் சிக்கலைத் தடுக்க, பிராசஸரின் உள் இயக்கத்தைத் திருத்தும் 0x129 என்ற மைக்ரோகோடு 2024 ஆகஸ்டில் பயாஸ் புதுப்பிப்பு வழியே வெளிவந்தது; அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்தன. இந்தத் தலைமுறைகளில், பெயரின் இறுதியில் கே என்று வரும் பிராசஸர் வைத்திருப்பவர்கள் வெப்பச் சிக்கல் இல்லாவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

அடுத்து, பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு அதே சோதனையை மீண்டும் ஓட்டினேன். வெப்பம் மேலும் ஏழெட்டு டிகிரி குறைந்தது. பலகையைத் திறந்ததும் இவ்வளவு குறைந்தால், கேபினெட்டுக்குள் புதுக்காற்று வரவில்லை என்று பொருள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே விரல்கூட நுழையாத இடுக்கு ஒன்றுதான் முன்பக்க ஃபேன்களுக்குக் காற்று வரும் வழி. அதன் பின்னால் இருந்த வடிகட்டியில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து மாட்டியதில் ஓரளவு சரியானது. புதிதாக வாங்குபவர்களுக்கு முன்பக்கம் வலை போட்ட கேபினெட்டைத்தான் பரிந்துரைப்பேன்.

ஏஎம்டி ரைசன் 7000 வரிசை வைத்திருப்பவர்கள் 95 டிகிரியைப் பார்த்துப் பதற வேண்டாம். அனைத்துக் கோர்களும் உழைக்கும்போது அந்த எல்லை வரை ஏறி வேகம் எடுக்கும்படியாகவே உயர் மாடல்கள் வடிவமைக்கப்பட்டுள்ளன என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. அது வேண்டாமென்றால் பயாஸில் மின்செலவைக் குறைக்கும் ஈகோ மோடை இயக்கலாம். 7700எக்ஸ் போன்ற, 105 வாட் என்று குறிக்கப்பட்ட பிராசஸரில், அது பொருந்தும் சாக்கெட் வழியே செல்லும் மின் உச்சம் அப்போது 142 வாட்டிலிருந்து 88 வாட்டுக்கு இறங்கும். விளையாட்டுகளில் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது.

அறை வெப்பத்தையும் விட்டுவிடக் கூடாது. 25 டிகிரி அறையில் 80 டிகிரி காட்டும் கணினி, கத்திரி வெயிலில் 37 டிகிரி அறையில் 92 டிகிரியை நெருங்குவது இயல்பு, அது பழுதன்று.

இவ்வளவும் பார்த்த பிறகும் கூலரைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஏஎம்டியின் முந்தைய ரைசன் பிராசஸர்களுக்கான ஏஎம்4 சாக்கெட்டில் ஒரு கவனம் தேவை. அங்கே பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. பழைய பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். சிறிது நேரம் சுமையில் ஓட்டி, அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி எடுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். கூலரைத் திரும்ப மாட்டும்போது ஒரு திருகை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.